சித்தி வீட்டுத் தோட்டத்துல வெள்ளை வால் குருவி

சரசு சித்தி: பின்னாடி கொய்யா மரத்துல ஒரு குருவி வந்துருக்குது, முழுக்க வெள்ளை, தல மட்டும் பளபளன்னு கருப்பு, வால் ரிப்பன் மாதிரி தொங்குது, போன எடுத்துட்டு வர்றதுக்குள்ள உள்ள போயிருச்சு

பாரதி: அய்யோ சித்தி!!

மணி பெரியப்பா: சரசு அது அரசவால் ஈப்பிடிப்பான், வளந்த ஆண். கண்ணச் சுத்தி நீல வளையம் இருந்துச்சா

சரசு சித்தி: இருந்துச்சுங்க மாமா. கூட பழுப்பா குட்ட வால்ல இன்னொண்ணு இருந்துச்சு, அது வேற சாதிங்களா

மணி பெரியப்பா: அதேதான் அம்மணி. பொட்ட பழுப்பாத்தான் இருக்கும், சின்ன ஆணும் மொதல்ல அப்படித்தான், ரெண்டு மூணு வருசம் போனாத்தான் வெள்ளையாகும். உடம்பு கொண்டைக்குருவி அளவுதான், ஆனா ஆணுக்கு வால்ல நடு இறகு ரெண்டும் ஒரு அடி வரைக்கும் வரும். அந்த வாலோடயே கூட்டுல உக்காந்து பொட்டயோட மாத்தி மாத்தி அடைகாக்கும், வால் மட்டும் வெளிய தொங்கும், பாத்தா கண்ண எடுக்க முடியாது

கார்த்தி: பெரியப்பா சிகிரியா போனப்ப நீள வால், ஆனா முழுக்க செம்பழுப்பு, அது இதானா

மணி பெரியப்பா: இதேதான்டா. இலங்கையிலயே தங்கற ஆணுங்க வெள்ளையாகறதே இல்ல, அங்க வெள்ளையா தெரியறது குளிர்காலத்துக்கு இந்தியாவுல இருந்து போறது

செல்வம் சித்தப்பா: அண்ணா அந்தப் பக்கம் பொதர வெட்டி மருந்தடிக்க ஆள் சொல்லியிருக்கேன்

மணி பெரியப்பா: வேண்டாம் செல்வம். அது கொப்புல நிமிந்து உக்காந்து, ஈ, கொசு, அந்துப்பூச்சி பறக்கறத பாத்து பாஞ்சு காத்துலயே புடிச்சு திங்கற பறவை, தரையில எறங்கவே எறங்காது, மருந்தடிச்சா பூச்சி போயிரும், பொதர வெட்டினா அது உக்கார்ற நெழலும் போயிரும், பங்குனி வரைக்கும் விட்டு வையி, கெஞ்சி கேக்கறேன்

செல்வம் சித்தப்பா: சரிங்கண்ணா ஆள வரவேண்டாம்னு சொல்லிர்றேன்

சரசு சித்தி: தண்ணி வெக்கட்டுங்களா மாமா

மணி பெரியப்பா: வை வை, அகலமான சட்டியில, மரத்தடி நெழல்ல. சாயங்காலமா மேல இருந்து தண்ணியில பாஞ்சு நனஞ்சுட்டு திரும்ப கொப்புக்குப் போகும், அப்படியே நாலஞ்சு தடவ பண்ணும். பூனைய மட்டும் கிட்ட விடாத

பாரதி: கத்துறது எப்படி இருக்கும் பெரியப்பா

மணி பெரியப்பா: சாதாரணமா கரகரன்னு க்ரீச்னு ஒரு சத்தம், அத வெச்சே எடத்த கண்டுபுடிச்சிரலாம். ஞாயித்துக்கெழம காலையில பைனாகுலரோட வர்றேன், நீயும் வா கண்ணு, பளிச்னு கலர் சட்ட மட்டும் வேண்டாம்