கலைச்சொல் விவாதம்: கையேட்டுப் பக்கத்துக்கு ‘செல்படி’ என்ற சொல்

அனைவருக்கும் வணக்கம்.

இசைக்கருவிக் கையேடுகளில் வரும் ‘வெர்ஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று இந்த இழை தொடங்கியது. ‘பதிப்பு’ இருக்கிறதே, அப்புறம் எதற்கு ‘செல்படி’ என்று ஒரு புதுச்சொல் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. கைபேசியிலும் கணினியிலும் ‘பதிப்பு’ என்றுதான் வருகிறது, எல்லோருக்கும் பழகியும் விட்டது. ஆனால் கையேடு எழுதும் இடத்தில் அந்தச் சொல் போதவில்லை என்பது என் கருத்து. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கோயில் திருவிழா, தேவாலயக் கொடியேற்றம், கல்யாணக் கச்சேரி எல்லாவற்றிலும் இப்போது டிஜிட்டல் மிக்ஸர்தான் (மைக், கருவி ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி). சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் பையன்கள் அதை மதுரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வாடகைக்கு எடுத்து வருவார்கள். கருவியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் எங்கள் வட்டாரத்தில் தமிழ்க் குறிப்புத் தாள்கள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. உப்புக்காற்றுக்குத் தாள் நைந்துபோகும் என்று லேமினேட் செய்து, மிக்ஸர் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுவார்கள்.

அப்படி ஒரு தாளில் ஒரு வரி: “பாடகர் குழு மானிட்டர்: செட்டப் பக்கம், வலது ஓரம், மேலிருந்து இரண்டாவது.” மானிட்டர் என்றால் பாடகர்களுக்கு அவர்கள் குரலையே கேட்க வைக்கும் மேடை ஸ்பீக்கர். அந்தத் தாள் எழுதப்பட்ட காலத்தில் அந்த வரி சரி. பிறகு மிக்ஸரின் உரிமையாளர் அதன் நிலைப்பொருளை (கருவிக்குள் ஓடும் நிரல், ஃபர்ம்வேர்) புதுப்பித்தார். புது வசதி ஒன்று அந்தப் பட்டியலின் தலையில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவதாக இருந்தது மூன்றாவதாகப் போயிற்று. திருவிழா இரவில் தம்பி ஒருவன் தாளில் உள்ளபடியே இரண்டாவதை அழுத்த, மேடையில் பாடகர்களுக்கு அவர்கள் குரலே கேட்கவில்லை. கீபோர்டுக்காரர் பாடகர்களின் உதட்டைப் பார்த்துத் தாளம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்க்கும்போது அவன் தாளின் தலைப்பைக் காட்டினான். அதில் ‘பதிப்பு 2’ என்று இருந்தது. மிக்ஸரின் திரையிலும் 2 என்றுதான் எண் தொடங்கியது. “அண்ணே, ரெண்டுக்கு ரெண்டு சரியாத்தானே இருக்கு” என்றான்.

அவன் சொன்னதில் தவறே இல்லை. தாளில் இருந்த 2, எழுத்துப்பிழை திருத்தி இரண்டாம் முறை அச்சடித்ததற்கான எண். மிக்ஸரில் இருந்த 2, அதற்குள் ஓடும் நிரலின் எண். இரண்டையும் நாம் ‘பதிப்பு’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். புத்தக உலகில் பதிப்பு என்றால் முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு. பதிப்பகம், பதிப்பாசிரியர் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். கையேடும் ஒரு புத்தகம். புத்தகத்துக்கும் கருவிக்கும் தனித்தனி எண் ஓடும் இடத்தில் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், படிப்பவர் மேல் பழி போடக்கூடாது.

இந்தச் சிக்கல் முன்பு இல்லை. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் போன்ற கருவிகளில் உள்நிரல் ரோம் சில்லில் இருந்தது (படிக்க மட்டுமான நினைவகத்தைச் சொல்கிறேன்). அதை மாற்ற வேண்டுமானால் கருவியைத் திறந்து சில்லையே மாற்ற வேண்டும். அதனால் அச்சிட்ட கையேடு ஆண்டுக்கணக்கில் கருவியோடு ஒத்துப்போயிற்று. இன்று ஒரு பென் டிரைவ் போதும். கருவி மாறுகிறது, மூடியில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது.

நிலைப்பொருள் என்ற சொல்லையே மாற்ற வேண்டும், அது இப்போது நிலையாக இல்லையே என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் ‘ஃபர்ம்வேர்’ என்ற சொல்லை 1967இல் கணினி அறிஞர் ஆஷர் ஓப்ளர் உருவாக்கியபோது வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் இருப்பது என்ற பொருளில்தான் வைத்தார். தொழில்நுட்பம் அவர் நினைத்ததைத் தாண்டிப் போய்விட்டது, சொல் நின்றுவிட்டது. நமக்கும் வன்பொருள், மென்பொருள், நிலைப்பொருள் என்று வரிசையாக அமைந்திருக்கிறது. இருக்கட்டும்.

தயாரிப்பாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் முக்கியமாக இரண்டு வழி தெரிகிறது. யமஹா மாண்டேஜ் சிந்தசைசர் 2016இல் வந்தது. அதன் முதன்மைக் கையேட்டை அப்படியே விட்டு, பின்னால் சேர்ந்த வசதிகளை நிலைப்பொருள் எண் வாரியாகத் துணைக் கையேடு ஒன்றில் கொடுத்தார்கள். எலக்ட்ரான் நிறுவனம் முழுக் கையேட்டையும் திருத்தி வெளியிடுகிறது. அவர்களின் டிஜிடாக்ட் தாளக்கருவிக் கையேட்டின் பிடிஎஃப் கோப்புப் பெயரிலேயே ஓஎஸ் எண்ணும் (நிலைப்பொருள் எண்தான்) தேதியும் இருக்கும். முதல் வழியில் படிப்பவர் இரண்டு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழையதில் எந்த வரி இன்னும் நிற்கிறது என்று தானே தேட வேண்டும். இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் பழைய நிலைப்பொருளிலேயே நிற்பவருக்குப் பழைய கோப்பைத் தேடி எடுக்கும் வேலை வருகிறது.

எங்கள் பக்கம் பழையதிலேயே நிற்பவர்கள் நிறைய. புதுப்பிப்பு ஓடும்போது கரண்ட் போனால் கருவி திரும்ப எழாமலே போகலாம். விழா மாதங்களில் யாரும் அந்தத் துணிச்சலுக்குப் போக மாட்டார்கள். அதனால் ஒரே ஊரில், ஒரே மாதிரி மிக்ஸர் மூன்று இருந்தால் மூன்றிலும் மூன்று நிலைப்பொருள். கையேட்டின் அட்டையில் ஒரு எண் போட்டால் இவர்களுக்குப் பயனில்லை. எண் ஒவ்வொரு பக்கத்திலும், முடிந்தால் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் வேண்டும். பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த வசதி இன்ன வெளியீட்டில் சேர்ந்தது, இன்னதில் மாறியது என்று அந்தந்த இடத்திலேயே ஒரு வரி இருக்கும்.

அந்த எண்ணுக்குத்தான் பெயர் வேண்டும். என் முன்மொழிவு: செல்படி.

பொருள்: இந்தப் பக்கத்தில் எழுதியபடி கருவி நடக்கிறது என்று கருவியையே இயக்கிப் பார்த்து உறுதி செய்த கடைசி நிலைப்பொருள் வெளியீடு. ‘செல்படி 2.1’ என்று பக்கத்தின் தலையில் இருந்தால், 2.1 வரை ஒருவர் கையால் அழுத்திப் பார்த்திருக்கிறார் என்று பொருள். செல்லுபடி என்ற சொல் பஸ் பாஸிலிருந்து ரூபாய் நோட்டு வரை புழங்குவதால் புதிதாக விளக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் ஒலி அமைப்பு செய்யும் பையன்களிடம் “இந்தத் தாளோட செல்படி என்ன?” என்று கேட்டுப் பார்த்தேன். மறு கேள்வி கேட்காமல் தாளின் தலையைப் பார்த்தார்கள்.

‘இயக்கிப் பார்த்து’ என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். புது வெளியீட்டோடு மாற்றக் குறிப்புகள் வரும். அதைப் படித்து, நம் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே எண்ணை உயர்த்திவிடலாம் என்று தோன்றும். அது கூடாது. புது வசதி சேர்ந்தது என்று குறிப்பில் இருக்கும். அதனால் பட்டியலில் மற்றவை ஒரு வரி கீழே இறங்கின என்று இருக்காது. மேலே சொன்ன மானிட்டர் கதை அதுதான். குறிப்பு பேசாமல் இருப்பதை மாறவில்லை என்று எடுத்துக்கொண்டால் செல்படி என்ற சொல்லுக்கே மதிப்பில்லை. கருவி கையில் இல்லையென்றால் பழைய எண்ணே நிற்கட்டும்.

இனி வந்த எதிர்ப்புகள்.

தஞ்சையிலிருந்து ஐயா எழுதியது:

> கையேட்டில் ‘படி 1, படி 2’ என்று செய்முறைக்கு எழுதுகிறோமே. வெர்ஷனுக்கும் ‘படி’ என்றால் குழப்பம் ஒன்று போய் இன்னொன்று வரும்.

ஐயா, இதை முழுதாக ஏற்கிறேன். தனியாக நிற்கும் ‘படி’ வேண்டாம். சுவடிகளை ஒப்பிட்டவர்கள் ஏட்டுப்படி, கைப்படி என்று வழங்கியது அழகுதான், ஆனால் செய்முறைக் கையேட்டில் அது இடறும். தனியாக எண்ணைச் சொல்ல ‘வெளியீடு 3.5’ என்றே எழுதலாம். ‘செல்படி’ கூட்டுச்சொல்லாகவே நிற்கும், பக்கத்தின் தலையில் மட்டும் வரும், செய்முறை வரிசைக்குள் வராது. பதிப்பு என்பதைப் புத்தகத்துக்கே விட்டுவிடுவோம்.

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இன்னும் மேலே போய் சேர்படி, மாறுபடி, நீங்குபடி என்று ஒரு குடும்பத்தையே கொடுத்திருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, அக்கா. ஆனால் ‘மாறுபடி’யை அவசரத்தில் படிப்பவர் ‘மாறும்படி’ என்றே வாசிப்பார். தவிர, ‘வெளியீடு 3.5இல் சேர்ந்தது’, ‘3.0இல் நீங்கியது’ என்று சாதாரண வினையாலேயே சொல்லிவிட முடிகிறது. சொல்ல வழியில்லாத இடத்துக்கு மட்டும் புதுச்சொல் செய்வோம். நீங்கிய வசதியின் பக்கத்தை அழிக்காமல் வைத்து அந்த வரியைச் சேர்ப்பதுதான் முக்கியம், பழைய நிலைப்பொருளில் இருப்பவருக்கு அந்தப் பக்கம் இன்னும் வேண்டும்.

செல்லுபடி என்றால் தேதி முடிந்ததும் செல்லாது என்ற எண்ணம் வரும், செல்படி தாண்டினால் பக்கம் பொய் என்று நினைத்துவிடுவார்களே என்பது மூன்றாவது எதிர்ப்பு. கொஞ்சம் அந்த ஆபத்து உண்டு. ஆனால் எங்கள் அனுபவத்தில் அந்தத் தயக்கம் நல்லதைத்தான் செய்கிறது. கருவியின் எண் செல்படியைவிடப் பெரியது என்று கண்டால் பையன்கள் திருவிழாவுக்கு முந்தின நாளே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார்கள். முன்னுரையில் ‘சரிபார்க்கப்படவில்லை என்றுதான் பொருள், தவறு என்று பொருளல்ல’ என்று ஒரு வரி போட்டால் போதும்.

எண்ணை எழுதுவது பற்றி ஒன்று. கருவி எப்படிக் காட்டுகிறதோ அப்படியே எழுத வேண்டும். சில நிறுவனங்கள் 1.10, 1.50 என்று இரண்டிலக்கப் பின்னம்போலப் போடுகின்றன. வேறு சிலவற்றில் 1.9க்கு அடுத்தது 1.10. நாமாகச் சுழியை வெட்டி 1.1 என்று எழுதினால் வேறொரு வெளியீட்டைக் குறித்துவிடும்.

சரிபார்க்கும் வேலைக்கு எங்களுக்கு இயல்பாகவே ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகில் போகும் பையன்களில் சிலர்தான் இரவில் மிக்ஸரிலும் நிற்பவர்கள். அந்த நாட்களில் பக்கம் பக்கமாக அழுத்திப் பார்த்து எண்ணை உயர்த்துகிறோம்.

இன்னும் தீராத ஒன்றை உங்களிடமே விடுகிறேன். ஒரே பக்கம் இரண்டு மாதிரிக் கருவிகளுக்குப் பொதுவாக இருக்கும்போது, பெரிய மாதிரியில் 2.1 வரை பார்த்திருக்கிறோம், சிறியதில் 1.8 வரைதான் என்றால் இரண்டு செல்படி எழுதுவதா, குறைந்ததை மட்டும் எழுதுவதா? இரண்டும் எழுத வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் உள்ளங்கை அளவுத் தாளில் இடம் நெருக்குகிறது. கையேடு வடிவமைப்பில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பக்கம் வரைந்து அனுப்பினால் அடுத்த அச்சுக்கு முன் பார்த்துவிடலாம்.