சொரியாசிஸ்க்கு எதெல்லாம் சாப்பிடக் கூடாது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க

செல்வி_ஈரோடு
வணக்கம்ங்க. எங்க வீட்டுக்காரருக்கு சொரியாசிஸ்ங்க. முழங்கை, முழங்கால், தலையிலெல்லாம் செதில் செதிலா உதிருது, தெனமும் தலகாணி உறைய உதறித்தான் போடணும். தோல் டாக்டர் ஆயின்மென்ட்டும் வாரம் ஒருக்கா போடற மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் குடுத்திருக்காருங்க. இப்ப பிரச்சனை சாப்பாட்டுல. கத்தரிக்கா ஆகாது கருவாடு ஆகாதுன்னு எங்க மாமியா, புளி தக்காளி வேண்டாம்னு பக்கத்து வீட்டக்கா, மீன் முட்டை பாலு எல்லாத்தையும் நிறுத்துன்னு ஒருத்தர், கோதுமையில இருக்கற குளூட்டன்ங்கற புரதம்தான் காரணம்னு யூடியூப்ல இன்னொருத்தர். எல்லாத்தையும் எடுத்துட்டா அந்த மனுசனுக்கு என்னத்தைங்க ஆக்கிப் போடறது? அவரும் வெறுத்துப்போயி ராத்திரி வெளிய பரோட்டா சாப்பிட்டுட்டு வர்றாரு, வாரத்துல ரெண்டு மூணு நாள் தண்ணியும் உண்டு. எடை வேற 90ஐ தாண்டிருச்சு. நெசமாவே எதை நிறுத்தணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெட்பாலை
சித்தாவுல இதுக்கு காளாஞ்சகப்படைன்னு பேரு சகோதரி. நான் கத்தரிக்கா கருவாடு ரெண்டையும் விட்டேன், அரிப்பு நல்லா அடங்குச்சு. வெட்பாலை இலைய தேங்காண்ணெயில ஊறப்போட்டு வெயில்ல வெச்சா எண்ணெய் ஊதா கலரா மாறிடும், அதத்தான் தடவுறேன். இங்கிலீஷ் மாத்திரைய மெதுவா விட்டுட்டு பத்தியத்துக்கு வரச் சொல்லுங்க.

ஓபி_சிஸ்டர்
செல்வி, மாத்திரைய யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க, அந்த டாக்டர்கிட்ட கேக்காம எதுவும் வேண்டாம். நான் ஸ்கின் ஓபியில நர்ஸ், மருந்தை பாதியில விட்டுட்டு உடம்பு பூரா செவந்துபோய் அட்மிட் ஆகுறவங்கள பாத்துட்டுத்தான் இருக்கேன். எண்ணெய் தடவுறத பத்தி நான் ஒண்ணும் சொல்லல, செதில் ஊறி மெத்துன்னு இருந்தா அரிப்பு கொறையத்தான் செய்யும். ஆனா உள்ளுக்கு சாப்பிடுற பஸ்பம், செந்தூரம்னு யாராவது குடுத்தா மெத்தோட்ரெக்ஸேட்டோட சேத்து குடுத்துடாதீங்க, லிவர் தாங்காது.

நீங்க கத்தரிக்காய பத்தி கவலைப்படுறீங்க, எனக்கு உங்க போஸ்ட்ல கடைசி ரெண்டு வரிதான் கண்ணுல படுது. குடி, எடை. குடி சொரியாசிஸையும் கிளப்பும், அந்த மாத்திரையோட சேந்து லிவரையும் கெடுக்கும், அதுல பேரமே கிடையாது. எடை ஏன்னா, இது நம்ம எதிர்ப்பு சக்தியே தப்பா வேலை செஞ்சு வர்ற நோய், ஒரு மாசம் போல எடுத்து மேல வர வேண்டிய தோல் செல் சில நாள்லயே வந்து குவியுது, அதான் செதில். உடம்புல சேர்ற கொழுப்பு, முக்கியமா தொப்பை, இந்த நோயால உள்ளுக்குள்ள வர்ற வீக்கத்துக்கு தீனி போடுது. அமெரிக்காவுல நேஷனல் சொரியாசிஸ் ஃபவுண்டேஷனோட மருத்துவக் குழு 2018ல சாப்பாட்ட பத்தி பரிந்துரை குடுத்தாங்க, அதுல அழுத்திச் சொன்னது எடை அதிகமா இருக்கறவங்க கலோரிய கொறச்சு எடைய இறக்கணும்னுதான். குளூட்டன நிறுத்துறது ரத்த டெஸ்ட்ல அந்த ஒவ்வாமை தெரிஞ்சவங்களுக்கு மட்டும், அதனால சப்பாத்திய நிறுத்தாதீங்க, பாவம்.

பரோட்டா சால்னா, பேக்கரி ஐட்டம், கலர் டிரிங்க்ஸ் இதெல்லாம் போகட்டும். ராத்திரிக்கு அளவா ரெண்டு இட்லி, நெறய காய், சுண்டல். சிகரெட் இருந்தா அதுவும் நிக்கணும். கத்தரிக்காய் ஒத்துக்கலன்னு சந்தேகம்னா அத மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க, வித்தியாசம் தெரியலன்னா திரும்ப போடுங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல நிறுத்துனா எது காரணம்னே தெரியாது, ஆளும் மெலிஞ்சு சோந்துடுவாரு.

முத்துநகர்
மீன யாரும்மா நிறுத்தச் சொன்னது? எனக்கும் இதே சீக்குதான். டாக்டரே சாளை மீனு சாப்பிடுன்னுதான் சொன்னாவ, ஒமேகா 3ன்னு நல்ல கொழுப்பு இருக்காம். பொரிக்காம கொழம்பா வையுங்க. கருவாட்ட விட்டா ஒண்ணும் கொறஞ்சிராது, உப்புதான் அதுல.

செல்வி_ஈரோடு
ரொம்ப நன்றிங்க சிஸ்டர். மாத்திரைய நிறுத்தறதா இல்லீங்க. இன்னொண்ணு கேக்கணும், கொஞ்ச நாளா காலைல எந்திரிச்சா கை விரலெல்லாம் மடக்க முடியலைன்றாரு, ஒரு விரல் முழுசா வீங்கியிருக்கு. எடையினாலயா இருக்குமுங்களா?

ஓபி_சிஸ்டர்
இத மொதல்லயே சொல்லியிருக்கணும்மா. சொரியாசிஸ் இருக்கறவங்கள்ல கொஞ்ச பேருக்கு மூட்டுலயும் வரும், காலைல விறைப்பு, விரல் பூரா வீங்குறது எல்லாம் அதோட அடையாளம்தான். விட்டா மூட்டு கோணிப்போயிடும், அப்புறம் நேராகாது. அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே தோல் டாக்டர்கிட்ட காட்டி மூட்டு டாக்டருக்கு லெட்டர் கேளுங்க, வீங்குன விரல போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, போற அன்னிக்கு வீக்கம் வத்தியிருந்தாலும் காட்டலாம்.