புதுப்பிப்பு: மச்சானுக்கு ஏஏ கூட்டம் கிடைத்தது

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் குடியை விட நினைப்பவர்களுக்கான ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் நடக்கிறதா, மச்சானுக்கு வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. போதையிலிருந்து மீள உதவும் 14446 இலவச எண்ணில் பேசி, அப்புறம் தெரிந்தவர்களிடம் விசாரித்துப் பிடித்தோம்.

சர்ச் ஹாலில்தான் நடக்கிறது, ஆனால் மதக் கூட்டம் இல்லை. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் போதும். கடைசியில் ஒரு டப்பா சுற்றி வந்தது, விருப்பமுள்ளவர்கள் போட்டார்கள்.

சிக்கல் கிழமைதான். அன்றைக்குக் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைத்து விசைப்படகு கிளம்பினால் மச்சான் கடலில் இருப்பார். அங்கிருந்த பெரியவர் ஒருவர், "கரையேறினதும் எனக்குப் போன் போடு தம்பி, கடைப் பக்கம் போறதுக்கு முன்னாடி" என்று பீடிக்கட்டுக் காகிதத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தார். எனக்கு மீன்பிடித் தடைக்காலத்தை நினைத்தால்தான் பயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வேலையும் இருக்காது.

"இன்னைக்கே நிறுத்தச் சொல்லு" என்றவர்களுக்கு: வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். அதனால் முதலில் டாக்டரிடம் காட்டினோம்.

அக்காவுக்கு அல்-அனான் தேடுகிறேன், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது. ராமநாதபுரம், பரமக்குடிப் பக்கம் நடந்தால் சொல்லுங்கள்.