தக்காளிப் பூ எல்லாம் உதிர்கிறது, அவசரம்

கீரைக்கட்டு: மாடியில் பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். செடி தளதளவென்று இருக்கிறது, கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஒன்றுகூடக் காயாகவில்லை. காம்பு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தண்ணீர் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்ன மருந்து அடிக்கலாம்?

பச்சைமிளகாய்: எந்த ஊர்? என்ன உரம்? நிழல்வலை உண்டா? இலை சுருண்டிருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் மருந்துக்கு எங்கே போவது?

வெள்ளாமை: போரான் என்ற நுண்சத்துக் குறைபாடுதான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பச்சைமிளகாய்: அண்ணா, போன வாரம் முருங்கைக்கும் போரான்தான் சொன்னீர்கள்.

மொட்டைமாடி: தேமோர் கரைசல் தெளியுங்கள். தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து ஒரு வாரம் புளிக்கவிட்டு, வடிகட்டி, நிறையத் தண்ணீர் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். பூ அப்படியே நிற்கும்.

கொங்குக்காடு: தேங்காய் விற்கிற விலையில் தேமோரா? அரப்பு இலையை அரைத்து மோரில் ஊறவையுங்கள், செலவே இல்லை.

மொட்டைமாடி: உங்கள் ஊரில் அரப்பு வேலியோரம் நிற்கும். சென்னைக்காரி நான் எங்கே போய்ப் பறிப்பது?

தோட்டத்துப் பெரியவர்: ஒவ்வொரு சித்திரையிலும் இதே கேள்வி. பழைய கேள்வி பதில்களைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, கடைசி முறையாகச் சொல்கிறேன். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் குளிராவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். கரு சேராத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது. இதற்கு மருந்து கிடையாது. பட்டம், அதாவது விதைக்கும் பருவம், தெரியாமல் விதைத்தால் இப்படித்தான்.

கீரைக்கட்டு: வேலூர். வலை இல்லை. வாராவாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசல் விடுகிறேன். இலையில் சுருட்டல் இல்லை. பை நேராகத் தரையில்தான் இருக்கிறது.

பச்சைமிளகாய்: வேலூரா! அதுவும் கத்திரி வெயிலில்! பெரியவர் சொன்னது சரிதான், பட்டம் பற்றிய அர்ச்சனையைத் தவிர. பகலில் வாங்கிய சூட்டைத் தளம் இரவெல்லாம் கக்கும், வேர் வெந்துபோகும். பைகளைச் செங்கல் மேல் ஏற்றுங்கள். 50 சதவீத வலை கட்டுங்கள். மேலே காய்ந்த சருகு மூடாக்கு. தண்ணீரை வெயில் ஏறுவதற்குள் விட்டுவிடுங்கள். புண்ணாக்கை நிறுத்துங்கள், தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும். இப்போதைக்குக் காயை எதிர்பார்க்காதீர்கள், செடி பிழைத்தாலே போதும். சூடு தணிந்ததும் புதிதாகப் பூக்கும். காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து சேரும். சும்மா இருக்கிற பைகளில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். இந்த வெயிலுக்கு அவை அசராது.

வெள்ளாமை: எல்லாம் சரி, போரானும் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள்.

கொங்குக்காடு: சென்னையில் நாட்டு மருந்துக் கடையில் அரப்புத் தூள் விற்கிறார்கள். தலைக்குத் தேய்க்கிற அதே தூள்தான்.

மொட்டைமாடி: பொடியில் பச்சை இலையின் வீரியம் இருக்குமா?

தோட்டத்துப் பெரியவர்: கேட்டது தக்காளிப் பூவைப் பற்றி.

கீரைக்கட்டு: வலை கட்டியாச்சு, செங்கலும் வைத்தாச்சு. பூ இன்னும் உதிர்கிறது, ஆனால் மதியத்தில் செடி துவள்வதில்லை. வெண்டை முளைத்துவிட்டது. தேமோரும் அடித்தேன். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

கொங்குக்காடு: அரப்பு மோர் வாசனையாக இருக்கும்.