யாழ்ப்பாணப் புகையிலையைத் திருவிதாங்கூர் ஏன் கடல் கடந்து வாங்கியது?

நாஞ்சில் வாசகர் (கேள்வி):
திருவிதாங்கூரின் சுங்க வரலாற்றைப் படித்துவருகிறேன். மிளகை விற்றுப் பொருள் ஈட்டிய அந்நாடு, தன் மக்கள் வெற்றிலையோடு மெல்லும் புகையிலையை யாழ்ப்பாணத்திலிருந்து தோணிகளில் வரவழைத்திருக்கிறது. மலைக்குக் கிழக்கே திருநெல்வேலியிலும் கோயம்புத்தூரிலும் புகையிலை விளைந்துகொண்டிருக்க, குமரிமுனையைச் சுற்றி வரும் சரக்கை ஏன் நாடினார்கள்? மக்களின் சுவை காரணமா, அரசின் வருவாய்க் கணக்கு காரணமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வலிகாமம் வாசகர்:
சுவையிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன், ஐயா. எங்கள் பகுதியின் செம்பாட்டு மண்ணில் மாட்டுப் பட்டி அடைத்தும், வெட்டிவந்த குழைகளைத் தாழ்த்தும் உரமேற்றி, கிணற்றில் துலா மிதித்து இறைத்த நீரைப் பாய்ச்சியே புகையிலையை வளர்த்தார்கள். செடி பூக்கும் முன்பே நுனியை முறித்து, பக்கத்தில் வெடிக்கும் குருத்துகளையும் விடாமல் ஒடித்துவந்தால், செடியின் வலு முழுவதும் எஞ்சிய சில இலைகளுக்கே போய், அவை தடித்துக் காரமேறும். அறுத்த இலையைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சு மட்டையை எரித்துப் புகையூட்டிப் பாடம் செய்வார்கள். கருமையும் பிசுபிசுப்பும் புகைமணமும் கொண்ட அந்த இலை மெல்லுவதற்கு ஏற்றது; வெயிலில் மட்டும் உலர்த்திய இலை அதற்கு ஈடாகாது. மலையாள நாட்டுக்குப் போவதையும் சுருட்டுக்குப் போவதையும் எங்கள் தோட்டக்காரர்கள் வெவ்வேறு சரக்காகவே நடத்தினார்கள். பிற்காலத்தில் மலையாளச் சந்தைக்கான விற்பனைக்கென்றே யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கமும் இயங்கியது.

சுங்க வரலாற்று மாணவர்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் அந்தச் சுவை நிலைபெற்றதில் அரசின் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. திருவிதாங்கூரில் புகையிலை நெடுங்காலம் அரசின் ஏகபோகமாக இருந்தது. அரசே கொள்முதல் செய்து, பண்டகசாலைகளில் வைத்து, தான் குறித்த விலைக்கு விற்றது. கடல்வழி வரும் சிப்பங்கள் சில துறைமுகங்களில் மட்டுமே இறங்குவதால் அவற்றை எண்ணிக் கணக்கில் ஏற்றுவது எளிது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை வழிகளில் தலைச்சுமையாக வரும் இலையைத் தடுப்பதோ கடினம். விலையை உயர்த்த உயர்த்த அங்கே கள்ளக்கடத்தல் பெருகும். எனவே கடல்வழிச் சரக்கு கருவூலத்துக்கு உகந்ததாக இருந்தது என்பது என் கருத்து.

திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், ஏகபோகம் நீக்கப்பட்டு இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டது. 1865இல் பிரித்தானிய இந்தியாவோடும் கொச்சியோடும் செய்துகொண்ட உடன்படிக்கை பெரும்பாலான பண்டங்களுக்குச் சுங்கத் தடையை அகற்றியபோதும் புகையிலைக்கு விலக்கு அளிக்கவில்லை. ஓர் அரசு எந்த வருவாயைக் கடைசிவரை விட மறுக்கிறது என்பதை இங்கே காணலாம். மறுகரையிலும் இதே ஆசை இருந்தது: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் பிரித்தானிய அரசும் யாழ்ப்பாணப் புகையிலை வணிகத்தைச் சில காலம் தன் கைக்குள் வைத்திருந்தது. இரு கரையின் ஏகபோகங்களுக்கும் நடுவே நசுங்கியவர் துலா மிதித்த உழவரே.

நாஞ்சில் வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஏகபோகம் போனபின் அந்தப் பழக்கம் என்னவாயிற்று?

திருவனந்தபுரம் வாசகர்:
பழக்கம் தளரவில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த முறுக்கான் வயலிலும் கயிற்றுத் தொழிலிலும் உழைத்தவர்களுக்குப் பசியை மறக்கச் செய்யும் துணையாக இருந்தது. பெண்களும் ஆண்களுக்குக் குறையாமல் மென்றார்கள். இந்தியா விடுதலை பெற்றபின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் யாழ்ப்பாணச் சரக்கு அருகிப்போக, உள்நாட்டு இலை அந்த இடத்தைப் பிடித்தது. வாய்ப்புற்றுநோய் இங்கே மிகுந்திருப்பதற்கு இந்த மெல்லும் வழக்கம் முதன்மைக் காரணம். அதனால்தான் 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று மக்களின் வாயைப் பரிசோதிக்கும் பெரிய ஆய்வு தொடங்கியது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே அப்பரிசோதனை வாய்ப்புற்றுநோய்ச் சாவுகளைக் குறைத்தது என்று 2005இல் வெளியான அதன் முடிவு காட்டியது. சுங்கக் கணக்குகளோடு இந்த மருத்துவப் பதிவுகளையும் தாங்கள் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.