அம்மா நினைவுக்கு 300 வேதாகமம்

மேலூர் அத்தை: அம்மா நினைவு ஆராதனைக்கு 300 பைபிள்னு பேசினோமே, என்னாச்சு?

பெங்களூர் தம்பி: சிவகாசில நாமளே அடிச்சிரலாம் அத்தை. அட்டைல அப்பத்தா போட்டோ

செல்லூர் சித்தப்பா: 👍

பிரஸ் பெரியப்பா: வேதாகமமா, காலண்டரா?
கணக்கைக் கேளுங்க. டெம்மி 1/8 புத்தக அளவுல 1200 பக்கம். ஒரே தாள்ல 16 பக்கம் சேர்த்து அடிச்சு மடிக்கிறதுதான் ஒரு பாரம், அப்படி 75 பாரம். தாளோட ஒரு பக்கத்துக்கு ஒரு அச்சுத் தகடுன்னு பாரத்துக்கு 2 பிளேட், ஆக 150. 3000 அடிச்சாலும் அதே 150தான். 300க்குன்னா ஒரு புத்தகத்து தலையில அரை பிளேட் காசு. மை சமமா விழுறதுக்குள்ள பாரத்துக்கு நூறு தாள் வீண் வேற.

பெங்களூர் தம்பி: சாதா 60 ஜிஎஸ்எம் கனத் தாள் போட்டா?

பிரஸ் பெரியப்பா: ஒரு புத்தகத்துக்குத் தாளே ஒரு கிலோவுக்கு மேல நிக்கும். 40ன்னா 720 கிராம். ஆனா அந்த மெல்லிசு ரெண்டு ரெண்டா ஒட்டி மிஷினுக்குள்ள போகும், நடுவுல வெள்ளைப் பக்கம் வரும். அடுக்குறவங்க அசந்தா லேவியராகமத்துல ஒரு பாரம் ரெண்டு தடவ, எண்ணாகமத்துல ஒண்ணு காணாது.

திருமங்கலம் அத்தை: எண்ணாகமம் யாரு படிக்கிறா 😂

மேலூர் அத்தை: அக்கா!!

பிரஸ் பெரியப்பா: முதுகுல பசை மட்டும் போட்டு ஒட்டுற கம் பைண்டிங்னா சங்கீதத்தை விரிச்சதும் முதுகு பிளந்துரும். 75 பாரமும் நூல் தையல்தான். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்ல, தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு. வேதாகமச் சங்கத்துல நன்கொடைய வச்சு விலையக் குறைச்சுத் தர்றாங்க. அந்த விலைக்கு நம்மால அடிக்கவே முடியாது. வாங்கிருவோம்.

திருமங்கலம் அத்தை: எழுத்து பொடியா இருக்குமே அண்ணே

பிரஸ் பெரியப்பா: தாள் பத்தாமத்தான் தரங்கம்பாடில ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு காலத்துலயே எழுத்தைச் சிறுசா வார்த்தாங்க. 1715 புதிய ஏற்பாடு அப்படித்தான் முடிஞ்சுது. அந்த 300ல வயசானவங்களுக்கு 50 மட்டும் பெரிய எழுத்துல வாங்கலாம்.

மேலூர் அத்தை: அஞ்சு வீடு, வீட்டுக்கு 60

செல்லூர் சித்தப்பா: பெரிய எழுத்து விலை யார் பங்குல?

செல்லூர் சித்தப்பா: அன்னைக்கு மட்டனா சிக்கனா

மேலூர் அத்தை: முதல்ல பைபிளை முடிங்க

பெங்களூர் தம்பி: அப்ப பேரு எங்க வரும்?

பிரஸ் பெரியப்பா: உள்ள ஒரு சீட்டு. ஏ4ல நாலு, 75 தாள் போதும். ஓரத்துல கால் இஞ்சுக்கு மட்டும் பசை தடவணும். முழுசாத் தடவினா அடுத்த பக்கமும் சுருங்கிரும்.

செல்லூர் சித்தப்பா: சீட்டுலயாவது எல்லார் பேரும் வருமா? கல்லறைக் கல்லுல விட்ட மாதிரி விட்றாதீங்க

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

திருமங்கலம் அத்தை: அண்ணே என்ன போட்டு அழிச்சீங்க

பிரஸ் பெரியப்பா: ஒண்ணுமில்ல. "பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்"னு மட்டும் போடுவோம்.

மேலூர் அத்தை: மருமக்கள்?

செல்லூர் சித்தப்பா: மட்டன்னா வியாழனே சொல்லிரணும்