வயித்துல இருக்கும்போது பட்ட பசி ஐம்பது வயசுல வந்து நிக்குமா?

பொன்னி:
"குழந்தை மூணு கிலோ பொறந்துட்டா, மாசமா இருந்தப்ப அம்மா தின்னாளா திங்கலையான்னு அப்புறம் கேக்கவே வேண்டாம்." நேத்து குழந்தை வளர்ப்புப் பகுதியில கரிசல்காட்டான் எழுதினது இது. அதுக்கு ஏகப்பட்ட பேர் கைதட்டு வேற. பார்த்துட்டுச் சும்மா போக முடியல.

1944 குளிர்காலம், இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி பிடிச்சு வெச்சிருந்த நெதர்லாந்து. ரயில் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் பண்ணினதுக்குப் பழிவாங்க, மேற்குப் பகுதிக்குப் போற சாப்பாட்டை ஜெர்மன்காரன் நிறுத்திட்டான். குளிர்ல கால்வாயும் உறைஞ்சு படகு ஓடல. ஆம்ஸ்டர்டாம்ல ஆளுக்கு ரேஷன் நாளைக்கு 1000 கலோரிக்குக் கீழ போச்சு, அப்புறம் அதுல பாதிகூட இல்ல. 1945 மே மாசம் விடுதலை கிடைச்சதும் சாப்பாடு வந்துடுச்சு. அந்தச் சமயத்துல அங்க ஒரு ஆஸ்பத்திரியில பொறந்தவங்களோட பிரசவக் குறிப்பு பத்திரமா இருந்துச்சு. அதை வெச்சு ஆளைத் தேடிப் பிடிச்சு, ஐம்பது வயசு வாக்குல சோதிச்சாங்க. கர்ப்பத்தோட நடுவுலயும் கடைசி மூணு மாசத்துலயும் பசியில மாட்டினவங்கதான் எடை குறைஞ்சு பொறந்தது. முதல் மூணு மாசம் மாட்டினவங்க எடையில ஒரு குறையும் இல்ல. ஆனா இதய நோய் அதிகம் அவங்களுக்குத்தான்: 8.8 சதவீதம். பசியே படாதவங்களுக்கு 3.2. இப்ப சொல்லுங்க, உங்க மூணு கிலோ எங்க போச்சு?

கரிசல்காட்டான்:
சதவீதத்துல சொன்னா பெருசாத்தான் தெரியும். ஆளா எண்ணிச் சொல்லுங்க. முதல் மூணு மாசக் குழுவுல சோதிச்சது 68 பேர். இதய நோய் 6 பேருக்கு. ஆறே பேரை வெச்சுக்கிட்டு ஊர்ல இருக்குற கர்ப்பிணிக்கெல்லாம் பாடம் எடுக்க வந்துட்டீங்க.

பொன்னி:
ஆறு பேர் போதலையா? சரி, 1976-ல வந்த ஆய்வை எடுத்துக்குங்க. அந்தப் பஞ்சத்தை ஒட்டின வருஷங்கள்ல பொறந்து, 19 வயசுல ராணுவத் தேர்வுக்கு வந்த பசங்க, கிட்டத்தட்ட 3 லட்சம் பேர். கர்ப்பத்தோட முதல் பாதியில பசி பட்டவங்ககிட்ட உடல் பருமன் அதிகம். கடைசியில பட்டவங்ககிட்ட கம்மி. எந்த மாசத்துல பட்டினிங்கறதுதான் விஷயம். மூணு லட்சத்தையும் ஒவ்வொருத்தரா எண்ணிட்டு வாங்க, காத்திருக்கேன்.

கரிசல்காட்டான்:
பருமன் வேற, இதய நோய் வேற. நீங்க சொன்ன 8.8-க்கு ஆள் எத்தனை? ஆறு.

ஆத்தூர் சித்ரா:
ரெண்டு பேரும் எதைப் பட்டினின்னு சொல்றீங்கன்னு முதல்ல தெளிவு பண்ணிக்கலாமா? மசக்கையில ரெண்டு மாசம் சோறு இறங்காம இருக்குறதும், போர்ல மாசக்கணக்கா ரேஷன் இல்லாம கிடந்ததும் ஒண்ணா? இதைப் படிக்கிற மாசமான பொண்ணு பயந்துக்குவா.

கல்லிடை சுந்தரம்:
எங்கம்மா கூழைக் குடிச்சே ஆறு பிள்ளை பெத்தா. நான் கடைசி. வயசு 72, சுகரும் இல்ல பிரஷரும் இல்ல. இந்த வெள்ளைக்காரன் கணக்கெல்லாம் நம்ம உடம்புக்குச் செல்லாது.

பொன்னி:
ஐயா, அவர் ஆறு பேரே பத்தாதுங்கறார். நீங்க ஒத்தை ஆளைக் கொண்டு வர்றீங்க. நீங்க நல்லா இருங்க, மகிழ்ச்சி. ஆனா அது ஆதாரம் ஆகாது.

கரிசல்காட்டான்:
பெரியவர்கிட்ட இப்படியா பேசுறது? சரி, பசிதான் காரணம்னா லெனின்கிராடுக்குப் பதில் சொல்லுங்க. 1941 செப்டம்பர்ல தொடங்கி 1944 ஜனவரி வரைக்கும் அந்த ரஷ்ய நகரத்தை ஜெர்மன் படை முற்றுகை போட்டுச்சு. ஒரு கட்டத்துல ஆலைத் தொழிலாளி தவிர மத்தவங்களுக்கு ஆளுக்கு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதுலயும் மரத்தூள் மாதிரி கலப்படம். அப்ப வயித்துல இருந்தவங்களையும் ஐம்பது வயசுக்கு மேல சோதிச்சாங்க. 1997-ல முடிவு வந்துச்சு. முற்றுகைக்கு வெளிய பொறந்தவங்களோட ஒப்பிட்டா சர்க்கரையில வித்தியாசம் இல்ல. ஆம்ஸ்டர்டாமை விட மோசமான பசி, விளைவைக் காணோம். இதை ஏன் மறைச்சீங்க?

பொன்னி:
யாரும் மறைக்கல. முழுசாப் படிச்சிருந்தா நீங்களே பதில் சொல்லியிருப்பீங்க. நெதர்லாந்துல பஞ்சத்துக்கு முன்னாடியும் ஓரளவு சாப்பாடு இருந்துச்சு, முடிஞ்சதும் சீக்கிரமே வயிறு நிறைஞ்சுது. வயித்துக்குள்ள 'வெளிய பஞ்சம்'னு தயாரான உடம்பு, வெளிய வந்ததும் வெண்ணெயும் பாலும் பார்த்துச்சு. லெனின்கிராட்ல குழந்தை பொறந்த பிறகும் பசி தீரல. உள்ள எப்படியோ வெளியயும் அப்படியே. அந்த ஊர்ல சர்க்கரை கூடாததுக்கு இதைத்தான் காரணமாச் சொல்றாங்க. இது என் வாதத்துக்குத்தான் பலம். நம்ம ஊர்ல நேத்து வரைக்கும் கூழு, இன்னைக்குத் தெருவுக்குத் தெரு பரோட்டா. நாம எந்தப் பக்கம்னு யோசிங்க.

கரிசல்காட்டான்:
ஆக, வியாதி வந்தாலும் உங்க கொள்கை சரி, வராட்டியும் உங்க கொள்கை சரி. நல்ல வசதி. அந்த ஆறு பேருக்கு மட்டும் இன்னும் பதில் இல்ல.

மாதங்கி:
எனக்கு ஆத்திரமா வருது. ஐம்பது வயசு ஆம்பளைக்கு நெஞ்சுவலி வந்தாலும் அவங்க அம்மா மாசமா இருந்தப்ப என்ன தின்னாங்கன்னுதான் கேப்பீங்களா? பீடி, சாராயம், அப்பன் எல்லாரும் தப்பிச்சாச்சு. எல்லாப் பழியும் செத்துப்போன அம்மா தலையில.

பொன்னி:
மாதங்கி, நான் எந்த அம்மாவையும் பழிக்கல. ஆம்ஸ்டர்டாம் பொண்ணுங்க விரதமா இருந்தாங்க? சாப்பாட்டை நிறுத்தினவன் துப்பாக்கி வெச்சிருந்தான். கர்ப்பிணிக்குச் சோறு கிடைக்கிற மாதிரி பார்த்துக்க வேண்டியது வீடும் அரசாங்கமும்னுதான் சொல்றேன். "எடை சரியா இருக்கு, போதும்"னு சொல்றவர் அந்தப் பொறுப்பைத்தான் கழட்டி விடுறார்.

மாதங்கி:
நீங்க பழிக்கல, படிக்கிற மாமியார் பழிப்பா. அது உங்களுக்குப் புரியாது.

லேப் மணி:
புனே பக்கத்துக் கிராமங்கள்ல 1993-லேர்ந்து நடக்குற ஆய்வை விட்டுட்டீங்களே. அங்க குழந்தைங்க சராசரி 2.7 கிலோதான். இங்கிலாந்துக் குழந்தைங்களை விடச் சதை கம்மி, ஆனா கொழுப்பு அந்த அளவுக்குக் குறையல. பார்க்க ஒல்லி, உள்ள கொழுப்பு. அம்மாக்கள்ல பாதிக்கு மேல பி12 வைட்டமின் பற்றாக்குறை. ஃபோலிக் அமிலம் கூடி பி12 குறைஞ்ச அம்மாக்களோட பிள்ளைங்களுக்கு ஆறு வயசுலயே இன்சுலின் சரியா வேலை செய்யல. முட்டை, மீன் சாப்பிடச் சொல்லுங்க.

வைதேகி:
வந்துட்டார்யா. எந்தப் பேச்சு எடுத்தாலும் சைவக்காரங்க வீட்டு அடுப்புல வந்துதான் முடிப்பீங்க. பால், தயிர்ல பி12 இல்லையா?

லேப் மணி:
இருக்கு. நாளைக்கு எவ்வளவு குடிக்கிறாங்க? காபிக்கு ஊத்துற பாலைக் கணக்குல சேர்க்காதீங்க.

வைதேகி:
எங்க வீட்டுக் காபியை அளக்க நீங்க யாரு?

ஆத்தூர் சித்ரா:
பசியையே பேசிட்டிருக்கீங்க. மைசூர் ஆஸ்பத்திரி ஒண்ணுல 1934-லேர்ந்து எழுதி வெச்ச பிரசவக் குறிப்பை வெச்சுப் பார்த்ததுல, பின்னால சர்க்கரை வந்தது குட்டையா, குண்டாப் பொறந்தவங்களுக்கு. அவங்க அம்மாக்களும் எடை கூடினவங்க. நம்ம ஊர்ல இப்ப கர்ப்ப காலச் சர்க்கரைதானே பெரிய கவலை? 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தத்துல சர்க்கரை 140-ஓ அதுக்கு மேலயோ இருந்தா கர்ப்ப காலச் சர்க்கரைன்னு எடுத்துக்கறாங்க. அந்தச் சோதனையைப் பத்தி யாராவது பேசுங்களேன்.

கரிசல்காட்டான்:
பார்த்தீங்களா! மைசூர்ல குண்டுக் குழந்தை, ஆம்ஸ்டர்டாம்ல சரியான எடைக் குழந்தை, லெனின்கிராட்ல ஒண்ணுமே இல்ல. ஊருக்கு ஒரு முடிவு. நான் சொன்ன மூணு கிலோவுக்கு என்ன குறைச்சல்?

பொன்னி:
அதே மைசூர்ல இதய நோயைப் பார்த்தப்ப என்ன வந்துச்சு தெரியுமா? 2.5 கிலோவும் அதுக்குக் கீழயும் பொறந்தவங்கள்ல 11 சதவீதம், மூணு கிலோவுக்கு மேல 3 சதவீதம். உங்களுக்குச் சாதகமா இருக்கேன்னு துள்ளாதீங்க. ஒரே ஊர்ல சர்க்கரைக்கு ஒரு வழி, இதயத்துக்கு ஒரு வழின்னு தெரியுதில்ல? எடைங்கறது வெளிய தெரியுற ஒரு எண். உள்ள சிறுநீரகமும் கணையமும் எப்படி உருவாச்சுன்னு தராசு சொல்லாது.

கரிசல்காட்டான்:
மூணு கிலோவுக்கு மேல 3 சதவீதம்னு நீங்களே எழுதிட்டீங்க. நன்றி. இதைப் படம் பிடிச்சு வெச்சாச்சு.

பொன்னி:
பிடிச்சு மாட்டி வைங்க. பக்கத்துலயே ஆம்ஸ்டர்டாமையும் மாட்டுங்க.

கரிசல்காட்டான்:
மாட்டுறேன். ஆறு பேர்னு கீழ எழுதி.

வைதேகி:
மணி, தயிருக்கு இன்னும் பதில் வரல.